ஜிலேபிக்கு ஊசி போட்டாச்சு

கல்யாணத்துக்குப் போகிறவள் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருநாயைப் பற்றி யோசித்துக்கொண்டு போவாளா என்று ஹேமலதாவுக்கே சிரிப்பாக வந்தது. அதுவும் யாரோ ஒருவர் கல்யாணம் இல்லை, அவளுடையதே. அரக்குக் கலர் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, மடியில் ஆதார் அட்டையும் போட்டோக்களும் வைத்த பை, மேலுதட்டில் வியர்வை. சிங்காநல்லூர் நிறுத்தத்தில் ஏறும்போது கூட்டம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது, பட்டுச்சேலைக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு, ஆனால் முகத்தைப் பார்த்ததும் பெண்ணுக்குச் சித்தியாக இருக்கும், மாப்பிள்ளைக்கு அத்தையாக இருக்கும் என்று அவரவர் முடிவு கட்டிக்கொண்டு செல்போனுக்குத் திரும்பிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. நாற்பத்திநாலு வயதில், கல்லூரியில் படிக்கும் மகளை வைத்துக்கொண்டு, தானேதான் கல்யாணப்பெண் என்று யாரிடம் சொல்வது. பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டு மூட்டையைக் காலிடுக்கில் வைத்திருந்த அம்மாள், அவளுக்கும் இதே வயதுதான் இருக்கும், யாரு கல்யாணம்ங்க என்று கேட்டபோதுகூட, சொந்தக்காரங்க கல்யாணம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்கில் ஒரு கசப்பு. பொய்யும் இல்லையே, தனக்குத் தான் சொந்தக்காரி இல்லையா என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் நிற்கவில்லை. திரும்பவும் நாய் வந்து நின்றது. செம்மண் நிறத்தில், வால் மட்டும் சுருண்டு முதுகின்மேல் ஏறி நிற்கிற நாய். அந்த வாலுக்காகவே அந்தத் தெருப் பிள்ளைகள் அதற்கு ஜிலேபி என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஜிலேபி நேற்றுச் சாயங்காலம் ஒரு சின்னப் பெண்ணைக் கடித்துவிட்டது. கெண்டைக்காலில், ஆழமாக இல்லை, பந்தை எடுக்கப் போனவள் வாலை மிதித்திருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று தெருவே கேட்டது. தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட்டுக் கழுத்தில் நம்பர் பட்டை கட்டிவிடுகிற அமைப்பு ஒன்று இருக்கிறது, அதில் இருக்கும் பையன்களும் பெண்களும் தெருத்தெருவாக வந்து செல்போனில் பதிவு செய்துகொண்டு போவார்கள். அந்தச் செல்போனுக்குப் பின்னால் இருக்கும் மென்பொருளைச் செய்தது ஹேமலதாவும் மும்தாஜும். சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒரு அறை, இரண்டு மேஜை, எந்நேரமும் கீழிருந்து வரும் பன் வாசம், அதுதான் அவர்கள் கம்பெனி. பட்டை நம்பரைத் தட்டினால் நாயின் சரித்திரமே வரவேண்டும். ஜிலேபியின் நம்பரைத் தட்டினால் ஊசி போட்ட தேதி இருக்கவேண்டிய இடத்தில் வெறுமை. என் கையால போட்டனுங்களே என்று டாக்டர் சொல்கிறார். டாக்டர் என்றால் கால்நடை டாக்டர் திருமூர்த்தி. இன்றைக்கு அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். போட்டேன் என்று அவர் சொல்கிறார், போடவில்லை என்று அவள் எழுதிய நிரல் சொல்கிறது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் வரக்கூடிய தகராறா இது. முதலில் தட்டியபோது தேதி வந்தது, மறுபடி தட்டினால் காணோம் என்று அமைப்புப் பையன் ஒருவன் சொல்லியிருக்கிறான், அவனை யாரும் நம்பவில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு போய் எங்காவது விட்டுவிட வேண்டும் என்று தெருக்காரர்கள் காலையிலேயே கூடி நிற்க, டாக்டர் பட்டு வேட்டியோடு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார். நான் நேரா ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்தர்றனுங்க, நீங்க பதட்டப்படாதீங்க என்று போனில் சொன்னார். பின்னால் குரைப்புச் சத்தம் கேட்டது. அது ஜிலேபியின் குரலாகத்தான் இருக்கும்.

பதட்டப்படாமல் எப்படி இருப்பது. மாலைகளோடு மகள் நிவேதாவை ஸ்கூட்டரில் முன்னால் அனுப்பிவிட்டு, ஹேமலதா பட்டுச்சேலையோடு பேக்கரிப் படியேறி, மும்தாஜின் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதுதான் பயமே. தப்பு கண்ணுக்குத் தெரிந்தால் திட்டிவிட்டுத் திருத்தலாம். கடைசியில் மும்தாஜ் நாற்காலியோடு அவளைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலில் விட்டாள். நீ கெளம்புடி, நான் பாத்துக்கறேன், உங்க டாக்டர் நாளைக்குக்கூட இருப்பாரு, ரிஜிஸ்டர் ஆபீசர் மத்தியானத்துக்கு மேல இருக்கமாட்டாரு என்றாள். மும்தாஜும் வந்தாகவேண்டும். மூன்று சாட்சி வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நிவேதா ஒன்று, டாக்டரின் வேன் ஓட்டுகிற வேலுச்சாமி இரண்டு, மும்தாஜ் மூன்று. தப்பு அகப்படாமல் மும்தாஜ் எழுந்து வரமாட்டாள், அவளைத் தெரியும், ஒரு முடிச்சு அவிழாவிட்டால் சோறு இறங்காத ஜாதி. அப்படியென்றால் நாய்க்குத் தேதி வராமல் தனக்குக் கல்யாணம் ஆகாது. இப்படி ஒரு ஜாதகம் உலகத்தில் யாருக்காவது அமைந்திருக்குமா. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை, பஸ் நின்றது, ஏறிவிட்டாள். கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். தன் கல்யாணத்துக்கு அரசாங்கச் செலவில் போகிறோம் என்று நினைத்ததும் உதடு துடித்தது, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

சரி, முதலிலிருந்து வா என்று மனதுக்குள் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆரம்பத்தில் என்ன பிரச்னை. ஒரே நாய்க்கு இரண்டு பொருள். இரண்டு பேர் இரண்டு செல்போனில் ஒரே பட்டை நம்பரைத் தட்டினால், கணினி தன் நினைவில் அந்த நாயை இரண்டாக உண்டாக்கிவிடும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான், அதே பேர், அதே தெரு, அதே நிறம். ஆனால் ஒன்றிடம் ஊசி போட்டாயிற்று என்று சொன்னால் மற்றதற்குத் தெரியாது. சுங்கம் பக்கத்துக் கறுப்பு நாய் ஒன்றுக்கு அப்படித்தான் அடுத்தடுத்து இரண்டு தரம் ஊசி விழுந்தது, அதற்கப்புறம் டாக்டரின் வேன் சத்தம் கேட்டாலே அது கூரைமேல் ஏறிவிடும். அதற்காகத்தான் ஹேமலதா மாற்றி எழுதினாள். ஒரு நாய்க்கு ஒரே பொருள். பட்டை நம்பருக்கு எதிரே பொருளை வைத்த ஒரு அகராதி, யார் வந்து கேட்டாலும் முதலில் அகராதியில் தேடு, இருந்தால் இருப்பதையே எடுத்துக் கொடு, இல்லாவிட்டால் மட்டும் புதிதாகச் செய். எழுதி முடித்த அன்றைக்கு என்ன சந்தோஷம். இரண்டு பேர் கேட்டு வாங்கிய நாயும் ஒன்றேதானா என்று, தான் நிரல் எழுதுகிற மொழியான பைத்தானிடம் கேட்டாள். ஒரே மாதிரியா என்று கேட்பது வேறு, அதுவேதானா என்று கேட்பது வேறு, பைத்தானில் இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு. அதுவேதான் என்று திரையில் பதில் வந்தது. ஆமாம், உலகத்தில் ஒரு ஜிலேபிதான், வேறு ஜிலேபி கிடையாது. அந்தச் சந்தோஷத்தில் கீழே போய் மும்தாஜுக்கும் தனக்கும் தேங்காய் பன் வாங்கிவந்தாள்.

மும்தாஜ் அப்போது ஒன்று சொன்னாள். உன் அகராதி எதையும் விடாதுடி, செத்துப்போன நாயையும் பிடிச்சு வெச்சுட்டே இருக்கும், நினைவகம் வீங்கும், இளகின பிடியா வெச்சுக்கற அகராதி ஒண்ணு இருக்குதல்ல, யாரும் கையில் வெச்சிருக்காதபோது அதுவா விட்டுடும், அதைப் போடு என்றாள். நியாயமான பேச்சுதான். ஹேமலதா கேட்கவில்லை. என்னமோ அன்றைக்கு ஒரு வீம்பு. கோவையில் எத்தனை நாய் இருந்துவிடப்போகிறது, இருக்கட்டும் எல்லாம், இடமா இல்லை என்று சொல்லிவிட்டாள். மும்தாஜ் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேச்சை விட்டாள். செத்துப்போன புருஷன் சுந்தரத்தை நினைத்துக்கொண்டு இவள் சொல்கிறாள் என்று அவள் கண்டுபிடித்திருப்பாள். கண்டுபிடிக்கட்டுமே. சுந்தரம் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவன், இரும்புத்தூள் மின்னுகிற கையோடு வந்து நிவேதாவை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவன், ஒரு மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். தண்ணீர்க்குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் வெகுநாள் காதில் ஓடியது. அதை அடக்கத்தான் அவள் கணினி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள், தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, என்றைக்கோ படித்த கணக்குப் பட்டத்தைத் தூசிதட்டி, பைத்தான் பழகினாள். எல்லாவற்றையும் நிரலாகப் பார்க்காதே என்று நிவேதா கடிந்துகொள்வாள். வாஸ்தவம்தான். சுந்தரம் அகராதியில் இருக்கிற ஒரு வரியா. பஸ் குலுங்கி நின்றது, கொத்தமல்லி வாசம் குப்பென்று ஏறியது, யாரோ குழந்தை ஐஸ் வேண்டும் என்று அழுதது, அந்த வாசமும் அழுகையும் வந்து சுந்தரத்தை மெல்ல நகர்த்திவிட்டுப் போயின. அவன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை போலிருந்தது.

ஆனால் பயம் இருந்தது. இந்தப் பயத்தை அவள் மும்தாஜிடம்கூடச் சொன்னதில்லை. புதிதாக ஆரம்பித்தால் பழசு அழிந்துவிடுமோ. ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டு, சுந்தரத்தின் குரலைக் காதுக்குள் கூப்பிட்டுப் பார்ப்பாள், வரும். டாக்டர் கல்யாணம் பேச வந்த வாரத்தில் ஒருநாள் கூப்பிட்டாள், வரவில்லை, டாக்டரின் குரல்தான் வந்தது, அதுவும் நாய்க்குக் குடற்புழு மருந்து எத்தனை மில்லி என்று. எழுந்து உட்கார்ந்து அழுதாள், பிறகு அந்த மில்லியை நினைத்துச் சிரித்தாள், அழுகையும் சிரிப்புமாகக் கிடந்த அவளை நிவேதா வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவளை இந்தக் கல்யாணத்துக்குத் தள்ளிவிட்டதே நிவேதாதான். அம்மா, நான் வேலைக்குப் போயிடுவேன், நீ யார்கூட சண்டை போடுவ என்று கேட்டாள். டாக்டரோ சண்டைக்கு ஆகாத மனுஷர். முதல்தரம் வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் மாட்டியிருந்த சுந்தரத்தின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். அவள் உள்ளுக்குள் சுருண்டுபோனாள். அவர் என்ன வேலைங்க பார்த்தாரு, என்ன சாப்பாடு பிடிக்கும்ங்க அவருக்கு என்று கேட்டார், ஒரு புது ஊருக்கு வந்தவர் விசாரிப்பதுபோல. பட்டறை வேலை, கொள்ளுப்பருப்புன்னா உசிரு என்று அவள் சொன்னாள். எனக்கும் கொள்ளு பிடிக்குமுங்க என்றார், அவ்வளவுதான், காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் ஹேமலதாவுக்கு அவர் முகம் சரியாகத் தெரிய ஆரம்பித்தது. காது மடலில் ஏதோ நாய் பிறாண்டிய பழைய தழும்பு, பேசும்போது வலது கையால் இல்லாத ஒரு நாயைத் தடவிக்கொண்டே இருக்கும் பழக்கம். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கழுத்தில் கூச்சம் எடுக்கும். இந்த வயசில் இது என்ன என்று தன்னைத்தானே அதட்டுவாள், கூச்சம் அதட்டலுக்கு அடங்காது.

ராமநாதபுரம் சிக்னலில் பஸ் நின்றது. இங்கிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் ஜிலேபியின் தெரு. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்துவிடலாமா என்று கால் பரபரத்தது. பட்டுச்சேலையோடு போய் நாய்க்காக வாதாடினால் கல்யாணத்துக்கு யார் போவது. தேதி ஒருமுறை வந்தது, மறுமுறை வரவில்லை. முதல்முறை வரும், இரண்டாம்முறை வராது. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை என்றால். ஏன் பொய் சொல்லப்போகிறான். முதல்முறை கேட்கும்போது அகராதியில் நாய் இல்லை, புதிதாகச் செய்து, சேமித்து வைத்த கோப்பிலிருந்து விவரங்களைப் படித்து ஏற்றும், தேதி வரும். இரண்டாம்முறை கேட்கும்போது அகராதியில் நாய் இருக்கிறது, அதையே எடுத்துக் கொடுக்கும், கோப்புப் பக்கமே போகாது, போகவேண்டிய அவசியமும் இல்லை, ஏற்கெனவே விவரம் ஏறிய நாய்தானே அது. பிறகு எப்படி வெறுமையாகும். யார் அழிப்பது. அதே பொருள், அதுவேதான், அவளே கேட்டுப் பார்த்தாள். பொருள் அதுதான், உள்ளே இருந்தது எங்கே. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை முட்டிக்கொண்டு நின்றது, திரும்ப முதலிலிருந்து கிளம்பியது, திரும்ப இதே இடத்தில் முட்டியது, சேலைத் தலைப்பு ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொள்வதுபோல. தவறிப்போய் யாராவது அந்த வெறுமையைச் சேமித்துவிட்டால் கோப்பிலும் போய்விடும் என்ற நினைப்பும் வந்தது. ஒரு ஜிலேபியா, ஊர் முழுக்க எத்தனை ஜிலேபிகள், எத்தனை தெருக்கள், எத்தனை குழந்தைகள்.

அக்கா, டிக்கெட்டு என்ற குரல் கேட்டு நிமிர்ந்தாள். கண்டக்டர்தான். கூட்டம் ஏறி இறங்கியிருந்தது, அவர் மறுபடி முன்னாலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். வாங்கிட்டனுங்களே என்று ஹேமலதா சொன்னாள். அட, தெரியுதுங்க, சிங்காநல்லூர்ல ஏறுன பட்டுச்சேலை அக்காதான நீங்க என்று சிரித்துக்கொண்டே, வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கை தன்பாட்டுக்கு இன்னொரு டிக்கெட்டைக் கிழித்து அவள் மடியில் வைத்தது, எங்கீங்க ஏறுனீங்க என்றும் கேட்டது. கேட்டுவிட்டு அவருக்கே வெட்கமாகிவிட்டது. பழக்க தோஷம்ங்க, ஆளைத் தெரிஞ்சாலும் கேட்டாத்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போனார். ஹேமலதா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆளைத் தெரிந்தது. ஆள் அதே ஆள்தான் என்று வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டுப் புது ஆளிடம் கேட்பதுபோல எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். இனிட். தலைக்குள் விளக்குப் போட்டதுபோல இருந்தது. இனிட், இனிட், கடவுளே, இனிட்டை மறந்துவிட்டாளே.

பைத்தானில் ஒரு பொருள் பிறப்பதற்கு இரண்டு வேலைகள் நடக்கும். நியூ என்று ஒன்று, ஆளை உண்டாக்கிக் கொடுப்பது. இனிட் என்று ஒன்று, உண்டான ஆளுக்கு முதல் விவரங்களை எழுதுவது, பட்டை நம்பர் இது, தெரு இன்னும் தெரியாது, ஊசி இன்னும் போடவில்லை என்று. ஹேமலதா அகராதியைப் பார்க்கும் வேலையை நியூவில் வைத்தாள். நியூ சமர்த்தாகப் பழைய ஜிலேபியையே எடுத்துக் கொடுத்தது. ஆனால் நியூ எதைக் கொடுத்தாலும், அது அந்த வகைப் பொருளாக இருக்கும்வரை, பழசா புதுசா என்று பார்க்காமல் பைத்தான் உடனே இனிட்டைக் கூப்பிட்டுவிடும். இனிட் வந்து, ஏற்கெனவே வாழ்ந்து, ஊசி போட்டு, தெருவில் பேர் வாங்கி உட்கார்ந்திருக்கிற நாயை, இன்றைக்குத்தான் பிறந்த குட்டி என்று நினைத்து எல்லாவற்றையும் துடைத்து முதல் விவரத்தை எழுதிவிட்டுப் போகும். கேட்கும்போதெல்லாம் துடைக்கும். சோதனை செய்து பார்த்தபோது ஏன் அகப்படவில்லை என்றால், சோதனையில் இரண்டு பொருளும் ஒன்றேதானா என்று மட்டும்தான் கேட்டாள், உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறதா என்று கேட்கவேயில்லை. எவ்வளவு சின்ன விஷயம். வகுப்பில் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததுதான். வெட்கம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது, பொங்கிக்கொண்டு, அடக்கமுடியாமல், காலில் கொலுசு இருந்திருந்தால் சத்தம் போட்டிருக்கும். கோப்பில் இருப்பது அழியவில்லை. யாரும் சேமிக்காதவரை அழியாது. அந்தப் பையன் பார்க்கத்தான் பார்த்தான், சேமிக்கவில்லை.

மும்தாஜைக் கூப்பிட்டாள். இனிட் மறுபடி மறுபடி ஓடுதுடி என்றாள், வேறு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தப் பக்கம் மும்தாஜ் தன் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஏற்கெனவே விவரம் ஏறிய பொருளாக இருந்தால் இனிட் எதையும் தொடாமல் திரும்பிவிடவேண்டும், தலைமாட்டில் ஒரே ஒரு நிபந்தனை. போனைக் காதில் வைத்துக்கொண்டே மும்தாஜ் தட்டுவதை ஹேமலதா கேட்டாள், மழை ஆரம்பிக்கிற மாதிரி விசைப்பலகைச் சத்தம், அதற்குப் பின்னால் பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம். திருத்தி, நிரலை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டு, மும்தாஜ் ஜிலேபியின் நம்பரைத் தட்டினாள். தேதி வந்தது. மறுபடி தட்டினாள். வந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை. எத்தனை தரம் கூப்பிட்டாலும் அதே தேதிடி, அசையாம நிக்குது என்று அவள் சொன்னாள். மற்ற நாய்களில் யாராவது வெறுமையைச் சேமித்துவிட்டிருந்தாலும் செல்போன்களில் முதலில் பதிந்தது தனியாக இருக்கிறது, அதைக்கொண்டு நிரப்பிவிடலாம், அது திங்கட்கிழமை வேலை, இப்ப நான் கெளம்பறேன், நான் வராம நீ கையெழுத்துப் போட்டீன்னா பாரு என்று மும்தாஜ் போனை வைத்தாள். டாக்டருக்கும் அவளே தகவல் அனுப்பிவிடுவதாகச் சொன்னாள்.

பஸ் சுங்கம் தாண்டியது. வெயிலில் பெரியாஸ்பத்திரிச் சுவர் நீளமாகக் கூடவே வந்தது. ஹேமலதாவுக்கு எதிரே இருப்பதெல்லாம் கழுவிவைத்ததுபோல இருந்தது. அழிவதில்லை, அவ்வளவுதான், கூப்பிடுகிற விதத்தில்தான் கோளாறு என்று மனம் எங்கோ ஒரு வாக்கியத்தைக் கட்டப் பார்த்தது, சீ, எல்லாவற்றையும் நிரலாகப் பார்க்காதே என்று அதை விட்டுவிட்டாள். சுந்தரத்தின் குரலைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது, கூப்பிடவில்லை. இருக்கும். பார்க்கவேண்டியதில்லை. பக்கத்து அம்மாள் கொத்தமல்லி மூட்டையை இழுத்து இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஹேமலதா அவள் கையைத் தொட்டாள். "கல்யாணம் எனக்குத்தானுங்க" என்றாள். அந்த அம்மாள் ஒரு கணம் பார்த்தாள், சேலையை, பூவை, முகத்தை. அந்த அம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள். "அப்பப் பூவு இப்படிச் சாஞ்சு கெடக்கலாமுங்களா, திரும்புங்க" என்று தன் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவி, ஹேமலதாவின் தலையைத் தன் பக்கம் திருப்பி, கொத்தமல்லி வாசமடிக்கிற விரல்களால் மல்லிகையைச் சரிசெய்து குத்திவிட்டாள். அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததுல எறங்கிக்கறனுங்க, காசா பணமா என்றாள்.

பதிவு அலுவலக வாசலில் நிவேதா இரண்டு மாலைகளையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். கை வலிச்சுதும்மா என்றாள். டாக்டரின் வேன் அப்போதுதான் வந்து நின்றது. இறங்கியவரின் பட்டு வேட்டியில் முழங்கால்வரை மண் கால்தடங்கள், சட்டைப்பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். அவர் அந்தத் தெருவில் வாசல்படி ஒன்றில் உட்கார்ந்து ஜிலேபியைக் காலடியில் படுக்கவைத்துக்கொண்டு, நாயைக் கொண்டுபோவதானால் தன்னையும் சேர்த்துக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். மும்தாஜின் தகவல் வந்ததும் தேதியை எல்லாருக்கும் காட்டினார். கடிபட்ட பெண்ணே அவர் செல்போனை வாங்கித் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாளாம். ஒவ்வொரு முறையும் தேதி வரவும், ஜிலேபிக்கு ஊசி போட்டாச்சு என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டு ஓடினாளாம். இதைச் சொல்லும்போது அவர் வலது கை காற்றில் ஒரு நாயைத் தடவியது. "தப்பு என்னோடதுதானுங்க" என்றாள் ஹேமலதா. "தெரியுமுங்க" என்றார் அவர். "அதனாலதான் கண்டுபிடிச்சிருவீங்கன்னு உக்காந்திருந்தேன்." அவளால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வேட்டியிலிருந்த கால்தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான்கு விரலும் ஒரு உள்ளங்காலுமாக, எவ்வளவு அழகாக அச்சு விழுந்திருக்கிறது.

மும்தாஜ் வர நேரமாயிற்று. அதிகாரி ஒரு அம்மையார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மூணாவது சாட்சி இல்லாம ஆகாதுங்க என்றார், இருந்தாலும் மின்விசிறியைக் கூட்டிவைக்கச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு பேரில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டபோது ஹேமலதா டாக்டரைப் பார்த்தாள், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் தனக்கு வேலை இல்லை என்பதுபோல. இல்லைங்க, இருக்கறது அப்படியே இருக்கட்டும் என்று அவள் சொன்னாள். மும்தாஜ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள், கையில் மடிக்கணினி மூடாமலே இருந்தது. அது என்ன என்று அதிகாரி கேட்டு, தெரிந்துகொண்டு, எங்க வீட்டு முக்குல ஒரு வெள்ளை நாய் இருக்குது, அதுக்குப் போட்டாச்சான்னு பாருங்க என்றார். பார்த்தார்கள், போட்டிருந்தது. நிம்மதியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாலை மாற்றும்போது டாக்டரின் வலது கை மாலையையும் ஒருதரம் நாயைப்போலத் தடவிக்கொடுத்தது. நிவேதா விசிலடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு ஓட்டலில் சொல்லிவைத்திருந்தது. ஸ்கூட்டரில் மும்தாஜும் நிவேதாவும் முன்னால் போக, வேனில் வேலுச்சாமி ஓட்ட, மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் காலிக் கூண்டுகளுக்கு நடுவில் பலகையில் உட்கார்ந்தார்கள். மருந்து வாசமும் நாய் வாசமும் மல்லிகையும் ஒன்றாகக் கலந்து மூச்சுக்குள் போயின. ரயில்நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் வேன் திரும்பியதுதான் தாமதம், டீக்கடையடியில் படுத்திருந்த ஒரு நாய் காதை நிமிர்த்திற்று. அந்த வேனை அடையாளம் தெரியாத நாய் கோவையில் ஏது. அது குரைத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தது, அடுத்த முக்கில் இரண்டு சேர்ந்துகொண்டன, அதற்கடுத்த முக்கில் எண்ணமுடியவில்லை, கறுப்பும் வெள்ளையும் செவலையுமாக, கழுத்தில் பட்டையோடு, ஊரெல்லாம் கேட்கும்படி குரைத்துக்கொண்டு. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கொட்டுமேளம் சொல்லலைங்களேன்னு வருத்தமா இருந்துச்சு என்றார் டாக்டர். ஹேமலதா சிரித்தாள். கழுத்து மாலை குலுங்கி இதழ்கள் கூண்டுக்குள் உதிரும்படி சிரித்தாள், நிறுத்த முடியவில்லை, நிறுத்தவேண்டும் என்றும் தோன்றவில்லை. பின்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடிவருகிற ஒவ்வொரு நாயின் முகத்தையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.